புது மதர்போர்டு எங்கே கெட்டுப்போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொள்வது பற்றி உங்கள் நாளிதழில் சமீபத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த பிராசசருக்கு எந்த போர்டு, எவ்வளவு ரேம், எத்தனை வாட் பவர் சப்ளை என்று வாங்குகிற பக்கத்தை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் வாங்கி வந்த பொருளை எப்படித் தொடுவது, எப்படிப் பொருத்துவது என்பதற்குக் கிடைத்த இடம் இரண்டு மூன்று வரிதான். நான் ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். என் மேசைக்கு வரும் புது போர்டுகளில் தயாரிப்பிலேயே கோளாறு என்று சொல்லக்கூடியவை ரொம்பக் குறைவு, பெட்டியைத் திறந்ததிலிருந்து ஸ்விட்சைப் போடுகிற வரைக்கும் உள்ள நேரத்தில் கைபட்டுக் கெட்டவைதான் அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகம் என்று தோன்றினால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், சாக்கெட் பற்றியும் எர்த் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

முதலில் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். ஒரு காலத்தில் இன்டெல் பிராசசருக்கு அடியில்தான் பின்கள் இருந்தன, போர்டில் வெறும் ஓட்டைகள். 2004-ல் எல்.ஜி.ஏ. 775 என்ற சாக்கெட் வந்தபோது பின்கள் போர்டுக்கு மாறிவிட்டன, பிராசசருக்கு அடியில் தங்க முலாம் பூசிய தட்டையான புள்ளிகள் மட்டும். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யும் 2022-ல் ஏ.எம். 5 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது இதே வழிக்கு வந்துவிட்டது. எல்.ஜி.ஏ. 1700 என்றால் 1,700 பின்கள், ஏ.எம். 5-ல் 1,718. எல்.ஜி.ஏ. 1700-ல் நாலரை சென்டிமீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர்கூட வராத அகலம் உள்ள பிராசசருக்குக் கீழே இத்தனை பின்களும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பொடி ஸ்பிரிங் தகடு. விரல் நுனி லேசாக உரசினாலே நாலைந்து பின் படுத்துவிடும். சட்டைக் கை உரசினாலும் அப்படித்தான். பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்டைப் பஞ்சால் துடைக்கும்போது பஞ்சு நூல் ஒன்று மாட்டி இழுத்தால் பின் கையோடு வந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், பின் வளைந்த போர்டு எப்போதும் ஒரேயடியாகச் செத்துப்போவதில்லை. எந்தப் பின் வளைந்தது என்பதைப் பொறுத்து ஒரு பக்கத்து ரேம் மட்டும் தெரியாமல் போகும், அல்லது கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் வேலை செய்யாது, அல்லது நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். வாங்கியவர் ரேம்தான் போய்விட்டது என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைவார், ரேமை மாற்றிப் பார்ப்பார், விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவார், கடைசியில் எங்களைப் போன்றவர்கள் பிராசசரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நல்ல சாக்கெட்டில் எல்லாப் பின் நுனியும் வரிசை பிசகாமல் ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் இருக்கும் இடத்தில் அந்த வரிசை உடைந்து, ஒரு புள்ளி இருட்டாகவோ தனியாகப் பளிச்சென்றோ தெரியும். லென்ஸ் வைத்து மெல்லிய ஊசியால் நிமிர்த்த முடியும், செய்தும் கொடுக்கிறோம், ஆனால் நிமிர்த்தும்போதே ஒடிந்துபோகிற பின்னும் உண்டு. அப்புறம் அந்த போர்டு குப்பைக்குத்தான்.

சாக்கெட் மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பெட்டியைத் திறந்த கையோடு அதைப் பிய்த்து எறிகிறார்கள், பிய்க்கும்போது அது சாய்ந்து உள்ளே இடிக்கிறது. இன்டெல் சாக்கெட்டில் பெரும்பாலும் அதைக் கையால் எடுக்கவே தேவையில்லை. லீவரைத் தூக்கி, இரும்புச் சட்டத்தைத் திறந்து, பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு ஓரமும் பிடித்து நேராக இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அமுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. சட்டத்தை மூடி லீவரை அழுத்தும்போது அந்த மூடி தானாகவே மேலே வந்து விழும். லீவர் இறுக்கமாகத்தான் இறங்கும், கரகரவென்று ஒரு சத்தமும் கேட்கும். புதிதாகச் செய்பவர்கள் அங்கேதான் பயந்து பாதியில் விடுவார்கள், பிராசசர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

விழுந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி சாக்கெட் மேல் இருந்தால்தான் வாங்குவோம் என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கும் கம்பெனிகள் உண்டு. பின் வளைந்திருந்தால் அது உபயோகித்தவர் செய்த சேதம் என்ற கணக்கில் போய்விடும், வாரன்டி கிடையாது. பல ஆயிரம் ரூபாய் போர்டு இந்த ஒரு காரணத்தால் திரும்பி வருவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பெரும்பாலும் அது மகனோ மகளோ காலேஜ் சேர்ந்ததற்காக வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்து வாங்கிக் கொடுத்ததாக இருக்கும்.

ஏ.எம்.டி.யின் முந்தைய ஏ.எம். 4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அதில் பின் பிராசசரில் இருக்கிறது, 1,331 பின்கள். கூலரைக் கழற்றும்போது காய்ந்துபோன பேஸ்ட் பிராசசரைப் பிடித்துக்கொள்ளும், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு மேலே வரும். வந்த வேகத்தில் பின் வளையும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டி பேஸ்ட் சூடானதும் ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகத் திருகிவிட்டு அப்புறம் தூக்குங்கள். நேராக இழுக்கவே இழுக்காதீர்கள்.

அடுத்தது எர்த். இதைத்தான் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டு போனால் பணம்தான், இதில் ஆளுக்கே ஆபத்து இருக்கிறது. கேபினெட்டின் இரும்பில் கை வைத்தால் சுர்ரென்று இருக்கிறது, எல்லா கம்ப்யூட்டரும் இப்படித்தானே என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இல்லவே இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குள்ளே மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் இரும்பு உடலுக்குப் போடப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் வரும் சொற்பக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுக்க 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட் ஏறி நிற்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். மின்னோட்டம் கொஞ்சம் என்பதால் கை உதறுவதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் எர்த் உள்ள டிவிக்கோ மானிட்டருக்கோ ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகும்போது அந்த வித்தியாசம் முழுக்க கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டையே காலி செய்துவிடலாம். ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் செத்துப்போன போர்டு வந்தால் நான் முதலில் கேட்பது வீட்டு எர்த்தைப் பற்றித்தான்.

எர்த் எங்கே அறுந்துபோகிறது என்று பார்த்தால் பாதி இடத்தில் வயரிங்கே காரணம் இல்லை, பிளக்தான் காரணம். நம் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீளமான பின்தான் எர்த். சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷனில் சொருக வேண்டும் என்று அதை ஒடித்துவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுகிறார்கள். இன்னொன்று, மானிட்டரோடும் சில எஸ்.எம்.பி.எஸ்.ஸோடும் ஐரோப்பா பிளக் வைத்த கேபிள் வரும். உருண்டையான இரண்டு பின், எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். நம்மூர் பிளக் பாயிண்டில் அது உள்ளே போகும், கரண்டும் வரும், ஆனால் அந்தத் தகடு எதையும் தொடாது, எர்த் சுத்தமாக இல்லை. அந்தக் கேபிளைத் தூக்கி வைத்துவிட்டு நம்மூர் மூன்று பின் கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள், செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது.

வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. எர்த் இல்லை என்று தெரிந்ததும் சிலர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறார்கள். அது பெரிய ஆபத்து. வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் வந்து நிற்கும். அப்படிச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இதோடு ஒட்டிய விஷயம் ஸ்டேடிக். நாம் நடக்கும்போது, பாலியஸ்டர் துணி உரசும்போது, உடம்பில் மின்னூட்டம் சேர்கிறது. கையில் பொறி தட்டியதாக நமக்குத் தெரிய வேண்டுமென்றாலே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டுக்கும் கீழேயே சேதமாகும் சிப்புகள் உண்டு. ஆக நமக்கு எதுவுமே தெரியாமல் சிப்பு போகலாம், அல்லது பாதி அடிபட்டு, சில மாதம் கழித்துப் போகலாம். நம்மூர் ஈரக்காற்றில் ஸ்டேடிக்கெல்லாம் வராது என்பவர்கள் ஏ.சி. அறையை மறந்துவிடுகிறார்கள், அங்கே காற்று காய்ந்துதான் இருக்கும். செய்ய வேண்டியது சுலபம்: போர்டைப் பையிலிருந்து எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள், வேலை நடுவே எழுந்து போய் வந்தால் மறுபடி தொடுங்கள். மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டை வாங்கினால் வயர் உள்ளதாக வாங்குங்கள். அதற்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், ஆள் பாதுகாப்புக்காக. வயர் இல்லாத பட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. போர்டை ஓரத்தில் பிடியுங்கள், அடிப்பக்கத்துச் சால்டர் முனைகளில் விரல் வைக்காதீர்கள். அசெம்பிள் செய்யும்போது அதை அதன் அட்டைப் பெட்டி மேல் வைப்பதே போதும். மெத்தை, ஜமுக்காளம் வேண்டாம், தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மேலேயே போர்டை வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதும் தப்பு, அந்தப் பைக்குள் உலோகப் பூச்சு இருக்கிறது.

ஷட் டவுன் செய்தால் கரண்ட் நின்றுவிட்டது என்று நினைப்பது இன்னொரு பொதுவான தவறு. பிளக் பாயிண்ட் ஆனில் இருக்கும் வரை போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகொண்டேதான் இருக்கும், அந்த நேரத்தில் ரேமைப் பிடுங்கினால் ரேமோ ஸ்லாட்டோ போகலாம். நம் வீட்டு ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது, வயரிங் மாறியிருந்தால் பேஸ் உள்ளேயே நிற்கும். அதனால் பிளக்கையே பிடுங்குங்கள், பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் எரியும் எல்.இ.டி. அணைந்த பிறகு உள்ளே கை வையுங்கள். சிலர் எர்த் கிடைக்கட்டும் என்று பிளக்கை விட்டே வைக்கச் சொல்வார்கள், எர்த்தைப் பற்றி மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு அதை நான் ஏன் சொல்லமாட்டேன் என்று புரியும்.

கேபினெட்டில் போர்டை உட்கார வைக்கும் விஷயம் சுருக்கமாக. கேபிள் துளைகள் உள்ள பின்பக்கத் தகட்டை முதலில் மாட்டுங்கள், அதன் சின்ன நாக்குகள் யு.எஸ்.பி., லேன் துளைக்குள் போய்விடாமல் பாருங்கள். போர்டில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட் இருக்க வேண்டும். 305-க்கு 244 மில்லிமீட்டர் ஏ.டி.எக்ஸ். போர்டுக்காக அடித்த ஸ்டட்டைக் கழற்றாமல் 244-க்கு 244 மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டை வைத்தால், மிச்சமுள்ள ஸ்டட் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆக்கிவிடலாம். ஒரு மூலையில் ஸ்டட் விட்டுப்போனாலும் ரேமை அழுத்தும்போது போர்டு வளையும். பிராசசர், கூலர், ரேம் மூன்றையும் வெளியிலேயே பொருத்திவிட்டு உள்ளே கொண்டுபோவது நல்லது. இன்டெல் கூலரின் நாலு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்திவிட்டு, போர்டைத் திருப்பி நாலு நுனியும் முழுசாக வெளியே வந்திருக்கிறதா பாருங்கள். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள்.

கேபிளில் இரண்டு விஷயம் மட்டும். பிராசசருக்குப் போகும் எட்டு பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் எட்டு பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணித்தால் ஷார்ட். சரியான கனெக்டர் என்றால் அவ்வளவு பலம் தேவைப்படாது. அதே போல கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். கேபிளை ஒரு கம்பெனியிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டாதீர்கள், சொருகும், ஆனால் உள் இணைப்பு வேறு, போர்டும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்தே போகும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் கேபிளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

டி.டி.ஆர். 5 வகை ரேம் வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை ஆன் செய்ததும் ஸ்கிரீனில் எதுவும் வராமல் சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு டிஸ்பிளே வரல என்று ஆஃப் செய்து ஆன் செய்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டி, அந்தக் கழற்றலில்தான் சாக்கெட் பின்னை வளைத்துக்கொண்டு வருகிறார்கள். பொறுமையாக உட்கார்ந்திருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டுக்குள் பதிந்திருக்கும் ஆரம்ப மென்பொருளான பயாஸை அப்டேட் செய்வதாக இருந்தால் யு.பி.எஸ். இல்லாமல் தொடவே தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

பஸ் பார்சலில் கேபினெட்டை அனுப்புபவர்கள் கிராபிக்ஸ் கார்டையும் கனமான டவர் கூலரையும் கழற்றித் தனியாகக் கட்டி அனுப்புங்கள். பார்சலை எப்படித் தூக்கி வைப்பார்கள் என்று நமக்குத் தெரியும், ஸ்லாட் உடைந்தே வந்து சேரும். பின்பக்கம் கார்டு இல்லாத ஸ்லாட்டுகளுக்குத் தகடு போட்டு மூடி வையுங்கள். வழி திறந்திருந்தால் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே போகும் பல்லி, போர்டின் மேல் கருகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அது பாவம், போர்டும் பாவம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் உரிமையோடு கேட்கிறேன். போர்டு விற்கும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட்டை டார்ச் அடித்துக் காட்டி, அவர் செல்போனிலேயே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, சீரியல் நம்பரையும் சேர்த்து எடுத்துக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. பின்னால் பின் வளைந்தது யாரால் என்று நடக்கும் சண்டை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, வாங்குபவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆன்லைனில் வாங்கினால் சீல் உடைப்பதிலிருந்து சாக்கெட் தெரிகிற வரைக்கும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

ஹார்டுவேர் சொல்லிக்கொடுக்கும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். செத்துப்போன எல்.ஜி.ஏ. போர்டுகளும் பழைய பிராசசர்களும் எங்களைப் போன்ற சர்வீஸ் கடைகளில் மூலையில் கிடக்கின்றன. கேட்டால் நான் கொடுக்கிறேன், மற்றவர்களும் கொடுப்பார்கள். மாணவர்கள் பிராசசரை வைத்து எடுக்கும் பழக்கத்தை அதில் செய்து பார்க்கட்டும், வளைந்தால் அதில் வளையட்டும். அப்புறம் அந்த போர்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் மின் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்துவிடலாம்.

உங்கள் கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால் வளைந்த பின்னும் நல்ல பின்னும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஒரு பெரிய படம் போடுங்கள், கூடவே அந்த ஐரோப்பா பிளக்கின் படமும். படம் வேண்டுமென்றால் என்னிடம் இருப்பதை அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் வாசகர்,
ஈரோடு.